விழாமல் இருக்க ஒரு குழுப் பயிற்சி: பெரியவர்களும் வீட்டாரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோயம்புத்தூரில் எங்கள் பகுதிப் பெரியவர்களுக்காக வாரம் மூன்று நாள் காலையில் ஒரு பயிற்சிக் குழு நடக்கிறது. பிசியோதெரபிஸ்டாக அதை நான் கவனித்துக்கொள்கிறேன். புதிதாகச் சேர வருபவர்களும், அவர்களை அனுப்ப நினைக்கும் பிள்ளைகளும் மருமகள்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். ஃபோனில் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதி வைக்கிறேன், கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். உங்களை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தால் அவர் பேச்சைக் கேளுங்கள்.

வயசானா விழறது சகஜம் தானுங்களே? அதுக்குப் போயி ஒரு வகுப்பா?

அடிக்கடி நடக்கிறது என்பது உண்மைதான். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்துக்கு ஒரு முறையாவது விழுகிறார். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 6,84,000 பேர் விழுந்ததால் இறந்துபோகிறார்கள், அதில் பெரும்பகுதி வயதானவர்கள். ஆனால் "வயசாச்சு, விழத்தான் செய்வோம்" என்று விட்டுவிடும் விஷயம் இல்லை இது. விழுவதற்குப் பின்னால் காரணங்கள் இருக்கின்றன: தொடைத் தசையும் இடுப்புத் தசையும் கரைந்துபோவது, கணுக்கால் இறுகுவது, உள்ளங்காலில் உணர்ச்சி மங்குவது, கண் புரை, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பின் கோளாறு, தூக்க மாத்திரை. இதில் தசையும் பேலன்ஸும் 80 வயதிலும் பயிற்சிக்குத் தேறும்.

மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோட்டுப் பார்க்கும் சர்வதேச அமைப்பு காக்ரேன். 2019இல் வெளியான அதன் மதிப்பாய்வு இது சம்பந்தமான 108 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி செய்தவர்கள் விழும் எண்ணிக்கை சுமார் 23 சதவீதம் குறைந்திருந்தது. பேலன்ஸ் பயிற்சியோடு தசை வலுப் பயிற்சியும் சேர்ந்தபோது 34 சதவீதம்வரை குறைந்திருந்தது. அதனால்தான் வகுப்பு.

ஏனுங்க, தினமும் காலைல ரேஸ்கோர்ஸ்ல வாக்கிங் போறேனே, அது பத்தாதுங்களா?

எங்களிடம் வரும் கேள்விகளில் இதுதான் முதலிடம். வாக்கிங் நல்லது. இதயத்துக்கு, சர்க்கரைக்கு, தூக்கத்துக்கு, மனசுக்கு எல்லாம் நல்லது, நிறுத்தவே வேண்டாம். ஆனால் விழாமல் இருக்க அது மட்டும் போதும் என்று ஆய்வுகள் காட்டவில்லை. காரணம் எளிது. சமதளமான பாதையில், பழகிய வேகத்தில், நேராக நடக்கும்போது உங்கள் பேலன்ஸுக்கு எந்தச் சோதனையும் வருவதில்லை.

நீங்கள் எங்கே விழுகிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாத்ரூமில் திரும்பும்போது, பரணில் இருப்பதை எட்டி எடுக்கும்போது, பஸ்ஸில் இருந்து இறங்கும்போது, பின்னால் யாரோ கூப்பிட்டதும் சட்டென்று திரும்பும்போது, ராத்திரி அரைத் தூக்கத்தில் எழுந்து போகும்போது. இது ஒன்றும் நேர்நடை கிடையாது. பக்கவாட்டில் கால் வைக்கவும், ஒற்றைக் காலில் ஒரு நொடி நிற்கவும், தடுக்கினால் அடுத்த காலை வேகமாக முன்னால் போடவும் தெரிந்த உடம்புதான் அங்கே காப்பாற்றும். அந்தப் பழக்கம் வாக்கிங்கில் வராது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஏற்கெனவே தடுமாறி நடப்பவரை "வேகமா நடங்க, சரியாகிடும்" என்று ரோட்டுக்கு அனுப்புவது ஆபத்தைக் கூட்டவும் கூடும். நம் ஊர் நடைபாதைகளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அப்படிப்பட்டவர்கள் முதலில் எங்களிடம் வந்து காலில் வலு ஏற்றிக்கொண்டு, அப்புறம் வாக்கிங் போகட்டும்.

அப்படி வகுப்புல என்னதான் செய்வீங்க? எனக்கு ஜிம்முக்கெல்லாம் வர முடியாது.

ஜிம் மாதிரி எதுவும் இருக்காது. ஆளுக்கு ஒரு கனமான நாற்காலி, சுவர் ஓரம். முதல் பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்குவது: நின்ற இடத்தில் நடை, தோள் சுற்றல், கணுக்கால் அசைவு. அப்புறம் வலுப் பயிற்சி. நாற்காலியில் இருந்து கையை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக உட்காருவது. இந்த மெதுவாக உட்காருவதில்தான் தொடைக்கு வேலை, பலர் பொத்தென்று விழுந்து உட்கார்ந்து பழகிவிட்டார்கள். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்பது, நுனியைத் தூக்கிக் குதிகாலில் நிற்பது, காலைப் பக்கவாட்டில் தூக்குவது. தேறியவர்களுக்குக் கணுக்காலில் அரை கிலோ மணல் பட்டை கட்டுவோம்.

பிறகு பேலன்ஸ். இரண்டு பாதத்தையும் ஒட்டி நிற்பது, ஒரு பாதத்தின் குதிகாலை இன்னொன்றின் விரலோடு தொட்டு நிற்பது, ஒற்றைக் காலில் நிற்பது, கோட்டின் மேல் அடி மேல் அடி வைத்து நடப்பது, பக்கவாட்டு நடை, பின்னோக்கு நடை, தரையில் வைத்த சின்ன மரக்கட்டையைத் தாண்டுவது. முதலில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அப்புறம் ஒரு கை, அப்புறம் இரண்டு விரல், அப்புறம் பிடிக்காமல். கொஞ்சம் தள்ளாடினால்தான் பயிற்சி நடக்கிறது என்று அர்த்தம், சுலபமாகிவிட்டால் அடுத்த படிக்குப் போவோம்.

கடைசியில் எல்லோருக்கும் பிடித்த பகுதி. நடந்துகொண்டே காய்கறிப் பெயர் சொல்வது, நூறில் இருந்து மூன்று மூன்றாகக் குறைத்துக்கொண்டே போவது, எதிரில் வருபவருக்குப் பந்தைக் கொடுத்து வாங்குவது. பேச்சுக் கொடுத்தால் நடையை நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்வார் ஒருவர் என்றால் அவருக்கு நடப்பதற்கே முழுக் கவனமும் தேவைப்படுகிறது என்று பொருள். வீட்டிலும் தெருவிலும் நாம் எப்போதும் எதையாவது நினைத்துக்கொண்டே நடக்கிறோம், அதனால் இதைத் தனியாகப் பழக்க வேண்டியிருக்கிறது.

எனக்கு 70 ஆச்சு, இதுவரைக்கும் ஒரு தடவைகூட விழுந்ததில்லை. நான் எதுக்கு வரணும்?

விழாதவர்கள்தான் சுலபமாகத் தேறுகிறார்கள், அதனால் வாங்க. நீங்கள் எந்த நிலையில் இருக்கிறீர்கள் என்று வீட்டிலேயே பார்க்கலாம், பக்கத்தில் ஒருவரை நிறுத்திக்கொள்ளுங்கள். சுவர் ஓரம் நாற்காலி போட்டு, கைகளை மார்பின் மேல் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 வினாடியில் எத்தனை முறை முழுசாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் அளவுகோலில் 70 முதல் 74 வயது ஆண்கள் 12க்குக் கீழேயும் பெண்கள் 10க்குக் கீழேயும் இருந்தால் காலில் வலு குறைவு. நம்மவர்களுக்கு அச்சாக அதே எண் பொருந்தும் என்று பிடிவாதம் பிடிக்க வேண்டாம், ஆனால் ஐந்து ஆறுக்கு மேல் போகவில்லை என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

அடுத்தது, மேலே சொன்ன மாதிரி குதிகாலை விரலோடு தொட்டு ஒரே கோட்டில் 10 வினாடி பிடிக்காமல் நிற்க முடிகிறதா? இல்லையென்றால் விழும் வாய்ப்பு கூடுதல். மூன்றாவதாக, நாற்காலியில் இருந்து எழுந்து மூன்று மீட்டர் வழக்கமான வேகத்தில் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 வினாடிக்கு மேல் ஆகிறதா என்று பாருங்கள். மூன்றிலும் நன்றாகத் தேறினால் ரொம்ப சந்தோஷம், அப்படியும் வாங்க, அந்த நிலையைப் பிடித்துவைத்துக்கொள்ளத்தான்.

விழுந்துடுவேனோன்னு பயமா இருக்கு. பயிற்சி பண்றப்பவே விழுந்துட்டா என்ன பண்றது?

இந்தப் பயத்தைச் சின்னதாக நினைக்காதீர்கள். பயத்தில் வெளியே போவது குறைகிறது, உட்கார்ந்தே இருக்கிறோம், கால் இன்னும் மெலிகிறது, பேலன்ஸ் இன்னும் கெடுகிறது, கடைசியில் பயந்தது நடந்துவிடுகிறது. ஒரு முறை விழுந்து அடியே படாதவர்கள்கூட இந்தச் சுழலில் மாட்டிக்கொள்வதை நான் நிறையப் பார்க்கிறேன்.

வகுப்பில் தள்ளாட்டம் இருக்கும், ஆனால் பின்னால் சுவர், முன்னால் நாற்காலி, பக்கத்தில் ஆள் என்ற ஏற்பாட்டில்தான் அது இருக்கும். புதிதாக வருபவர் பக்கத்தில் முதல் சில வாரம் ஒரு தன்னார்வலர் நிற்பார். பிடியை விடச் சொல்லி யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள்.

எனக்கு முட்டி தேஞ்சு போச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. எழுந்து எழுந்து உக்காந்தா இன்னும் தேயாதா?

தேயாது. மூட்டுத் தேய்மானத்துக்கு உலகம் முழுக்க முதலில் சொல்லும் சிகிச்சையே தொடைத் தசைப் பயிற்சிதான். தொடைத் தசை வலுவாக இருந்தால் மூட்டு மேல் விழும் பாரத்தை அது கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். உயரமான நாற்காலியில் தொடங்குவோம், தேவைப்பட்டால் மேலே ஒரு தலையணை போடுவோம். பயிற்சியின்போது லேசான வலி இருந்து அன்றைக்கே குறைந்துவிட்டால் பிரச்சினை இல்லை. மறுநாளும் கூடுதலாக வலித்தாலோ மூட்டு வீங்கிச் சூடாக இருந்தாலோ சொல்லுங்கள், அளவைக் குறைப்போம். சம்மணம் போடச் சொல்ல மாட்டோம், தரையில் குத்துக்காலிடவும் சொல்ல மாட்டோம்.

யூடியூப் பாத்து வீட்டுலயே செஞ்சுக்கறேனே, கும்பல்ல வந்து எதுக்குச் செய்யணும்?

வீட்டில் செய்தாலும் பலன் உண்டு, மறைக்கவே மாட்டேன். நியூசிலாந்தின் ஓடாகோ பல்கலைக்கழகத்தில் 1990களில் உருவான ஓடாகோ பயிற்சித் திட்டம் முழுக்க வீட்டில் செய்வதுதான், அதில் விழுவது மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் அங்கே பயிற்சி பெற்ற ஒருவர் வீட்டுக்கே வந்து, ஆளைப் பார்த்துப் பயிற்சியைத் தேர்ந்தெடுத்து, அவ்வப்போது திரும்ப வந்து அளவைக் கூட்டினார். யூடியூபில் இருப்பவருக்கு உங்கள் கால் தெரியாது. நீங்கள் தப்பாக நின்றால் அவர் சொல்ல மாட்டார்.

என் அனுபவத்தில் குழுவின் பெரிய பலம் வேறு. தனியாக ஆரம்பிப்பவர்கள் சில வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். குழுவில் ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர்கள் ஃபோன் போட்டு விசாரிக்கிறார்கள், முடிந்ததும் திண்ணையில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள், பேத்தி கல்யாணத்தைப் பேசுகிறார்கள். பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருக்க, தனியாக இருக்கும் ஒருவருக்கு இந்த அரை மணி நேரப் பேச்சின் மதிப்பை நான் தசை வலுவுக்குக் குறைவாக நினைப்பதில்லை. அந்தப் பேச்சுக்காகத்தான் பலர் தொடர்ந்து வருகிறார்கள், தொடர்ந்து வருவதால்தான் கால் தேறுகிறது.

எத்தனை நாள்ல சரியாகும்? சரியானதும் நிறுத்திக்கலாமா?

எழுந்து உட்காருவது சுலபமாவதை ஆறு முதல் எட்டு வாரத்தில் பெரும்பாலானவர்கள் உணர்கிறார்கள். விழுவது குறைய அதைவிட நாளாகும். வாரத்துக்கு மொத்தம் மூன்று மணி நேரத்துக்கு மேல், பேலன்ஸைச் சோதிக்கிற மாதிரி செய்யும்போதுதான் நல்ல பலன் என்று ஆய்வுகள் சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனமும் 65க்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் குறைந்தது மூன்று நாள் பேலன்ஸும் வலுவும் கலந்த பயிற்சி செய்யச் சொல்கிறது. எங்கள் வகுப்பு மூன்று நாள், தலா முக்கால் மணி நேரம். மீதியை வீட்டில் செய்ய ஒரு தாள் கொடுப்போம். பல் தேய்க்கும்போது வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்பதும் கணக்கில் சேரும்.

நிறுத்தினால்? சில மாதத்தில் பழைய நிலைக்குப் போய்விடும். தீபாவளி, பொங்கலுக்கு ஊருக்குப் போனால்கூட அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போங்கள்.

நான் இருபது வருஷமா யோகா பண்றேன். அப்ப எனக்குத் தேவையில்லதானே?

என்ன யோகா என்பதைப் பொறுத்தது. விருட்சாசனம், வீரபத்ராசனம் மாதிரி நின்று செய்வதைப் பிடிக்காமல் செய்ய முடிகிறது என்றால் நல்ல பேலன்ஸ் பயிற்சி. உட்கார்ந்தும் படுத்தும் செய்யும் ஆசனங்களும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் என்றால் நிற்கும் பேலன்ஸுக்கு அதில் வேலை குறைவு, வாக்கிங் கேள்விக்குச் சொன்ன அதே காரணம்தான். 70 வயது கேள்வியில் சொன்ன மூன்று சோதனைகளையும் செய்து பாருங்கள், அதுவே பதில் சொல்லிவிடும். நின்றபடி மெதுவாக அசைந்து செய்யும் சீனப் பயிற்சியான தாய்ச்சிக்கு நல்ல சான்றுகள் உண்டு, காக்ரேன் மதிப்பாய்வில் அது விழுவதை 19 சதவீதம் அளவுக்குக் குறைத்தது. எங்கள் வகுப்பில் எடையை ஒரு காலில் இருந்து இன்னொரு காலுக்கு மெதுவாக மாற்றும் பயிற்சி சிலவற்றை அதிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

சேலை கட்டிட்டு வரலாமுங்களா?

தாராளமாக. கொசுவம் தரையில் படாமல் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டுங்கள், வேட்டிக்கும் அதேதான். தரையைக் கூட்டும் நீள நைட்டி மட்டும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம். ரப்பர் செருப்புக்குப் பதிலாகக் குதிகாலில் பட்டை உள்ள செருப்பு அல்லது ஷூ.

எனக்கு பி.பி., சுகர் ரெண்டும் இருக்கு. பயிற்சி பண்ணலாமா?

பண்ணலாம், குழுவில் பாதிப் பேருக்கு மேல் அப்படித்தான். சர்க்கரைக்கு இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் வர வேண்டாம், இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு வாங்க, பையில் சர்க்கரையோ குளுக்கோஸோ இருக்கட்டும். கை நடுங்கி, வியர்த்து, படபடத்தால் உடனே சொல்லிவிட்டு உட்காருங்கள். பாதத்தில் மரத்துப்போன உணர்வு இருந்தால் வெறும் காலோடு செய்யக் கூடாது, வகுப்புக்குப் பிறகு பாதத்தைத் திருப்பிப் பார்த்துப் புண் இருக்கிறதா என்று பாருங்கள். பிரஷர் அன்றைக்கு 180/110 அளவில் இருந்தால் எங்கள் வகுப்பில் பயிற்சி கிடையாது, நேராக டாக்டரிடம். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் வந்தால் அந்த நொடியே நிறுத்த வேண்டும், "இந்த ஒரு செட் மட்டும்" என்று முடிக்கப் பார்க்காதீர்கள்.

படுத்து எந்திரிச்சா கண்ணு இருட்டிக்கிட்டு வருது. இதுக்கும் பயிற்சியா?

முதலில் டாக்டர். எழுந்து நின்றதும் பிரஷர் இறங்குவதால் இது வரலாம். படுத்திருக்கும்போது ஒரு தடவை, நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தடவை பிரஷர் பார்த்தால் தெரிந்துவிடும், மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் கவனிக்க வேண்டும். பிரஷர் மாத்திரை, நீர் பிரிய எடுக்கும் மாத்திரை, புராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். மூன்று டாக்டர் தனித்தனியாக எழுதிக் கொடுத்ததை ஒருவர் சேர்த்துப் பார்ப்பதே பலருக்கு நடந்திருக்காது. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், தூக்க மாத்திரையைத் திடீரென்று விட்டால் வேறு தொல்லைகள் வரும்.

படுக்கையில் புரண்டதும் அறையே சில வினாடி சுற்றுகிறது என்றால் அது காதுக்குள் வரும் கோளாறாக இருக்கலாம். தலையைக் குறிப்பிட்ட விதத்தில் திருப்பிச் செய்யும் ஒரு சிகிச்சையில் பெரும்பாலும் சரியாகிவிடும், தெரிந்தவர்தான் செய்ய வேண்டும்.

கால்சியம், வைட்டமின் டி சாப்பிடறேன். அது போதாதா?

குறைபாடு இருந்தால் டாக்டர் சொன்ன அளவில் சாப்பிடுங்கள். ஆனால் அது உங்களை விழாமல் காக்காது. அளவு மீறினால் கெடுதலும் உண்டு: ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒரே முறை 5,00,000 யூனிட் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010இல் வெளியானது, மாத்திரை எடுத்தவர்கள்தான் அதில் அதிகம் விழுந்தார்கள், எலும்பு முறிவும் கூடியது. எலும்பு தேய்மானத்துக்கு மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அதைத் தவறாமல் எடுங்கள், விழுந்தாலும் உடையாமல் இருக்க அது உதவும்.

அம்மா வரவே மாட்டேங்கறாங்க. "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்"ங்கறாங்க.

"விழுந்துடுவம்மா" என்று பயமுறுத்தாதீர்கள். என்னைக் கிழவியாக்கிவிட்டார்கள் என்றுதான் அது அவர்கள் காதில் விழும். அவர்களுக்கு எது வேண்டும் என்று பாருங்கள். மருதமலைக்குப் படி ஏறிப் போக வேண்டுமா, பேரனைத் தூக்க வேண்டுமா, யார் துணையும் இல்லாமல் பஸ்ஸில் போக வேண்டுமா, அதற்குக் காலில் வலு வேண்டும் என்று சொல்லுங்கள். முதல் நாள் நீங்களும் கூட வந்து ஓரமாக உட்காருங்கள். எங்கள் குழுவில் இருப்பவர்களில் அவர்களுக்குத் தெரிந்த ஒருவர் இருந்தால் அவரையே கூப்பிடச் சொல்லுங்கள், பிள்ளைகள் பத்துத் தடவை சொல்வதைவிட "நீயும் வா அக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தடவை சொல்வது நன்றாக வேலை செய்கிறது.

அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து வாக்கர்ல நடக்கறாரு. சேத்துக்குவீங்களா?

தனியாகப் பார்க்காமல் சேர்க்க மாட்டோம். ஸ்ட்ரோக், பார்க்கின்சன், சமீபத்திய இடுப்பு எலும்பு ஆபரேஷன், நடந்ததை உடனே மறக்கும் அளவுக்கு நினைவுக் குறைவு, இவர்களுக்கு ஆளுக்கு ஏற்ற பயிற்சி முதலில் வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 ஆகஸ்டில் இருந்து வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். அவர் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்கும் நிலைக்கு வந்ததும் கூட்டி வாங்க, பார்த்துவிட்டுச் சொல்கிறேன். கைத்தடியோடு வருபவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

வீட்டுல என்ன மாத்தணும்?

பாத்ரூமில் சுவரோடு திருகிய கைப்பிடி, ஈரம் இல்லாத தரை, ராத்திரி விளக்கு, வழுக்கும் மிதியடியை எடுப்பது, நிலைப்படி விளிம்பில் பளிச்சென்று தெரிகிற கலர். டவல் மாட்டும் கம்பியைப் பிடித்து எழுந்தால் கம்பியோடு வந்துவிடுவீர்கள். தூரமும் பக்கமும் தெரியும் கண்ணாடி போட்டிருப்பவர்கள் படியிறங்கும்போது தலையைக் குனிந்து பாருங்கள், கீழ்ப் பகுதி வழியாகப் பார்த்தால் படி மங்கலாகத் தெரியும்.

விழுந்துட்டா எப்படி எந்திரிக்கறது? பக்கத்துல யாருமில்லைன்னா?

உடனே எழ முயற்சி செய்யாதீர்கள். ஒரு நிமிடம் அப்படியே படுத்து எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். இடுப்பிலோ தொடை இடுக்கிலோ கடும் வலி, காலை அசைக்க முடியவில்லை, ஒரு கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது, தலையில் அடி என்றால் எழவே வேண்டாம், 108க்குக் கூப்பிடுங்கள். இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் தலையில் லேசாக இடித்துக்கொண்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடி இல்லை என்றால் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, நான்கு காலில் வந்து, கனமான நாற்காலி அல்லது கட்டில்வரை தவழ்ந்து போங்கள். அதன் மேல் இரண்டு கையையும் வைத்து, வலுவான காலை முன்னால் ஊன்றி எழுந்து, திரும்பி உட்காருங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் அக்குளில் கை கொடுத்துச் சட்டென்று தூக்கவே கூடாது, நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தால் போதும். எழவே முடியவில்லை என்றால் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கை கால்களை அசைத்துக்கொண்டே சத்தம் கொடுங்கள். மணிக்கணக்கில் தரையில் அசையாமல் கிடப்பதே தசையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும், அதனால்தான் ஃபோனைக் கழுத்திலோ இடுப்பிலோ வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். இந்த எழும் முறையை வகுப்பில் பாய் விரித்துப் பழக்குகிறோம், நன்றாக இருக்கும்போதே பழகினால்தான் அன்றைக்கு ஞாபகம் வரும்.

எங்க ஏரியாலயும் இப்படி ஒண்ணு ஆரம்பிக்கணும். என்னென்ன வேணும்?

வழுக்காத தரையுள்ள ஒரு இடம், கோயில் மண்டபமோ குடியிருப்பின் பொது அறையோ போதும். நாற்காலி முக்கியம்: கல்யாண வீட்டு பிளாஸ்டிக் நாற்காலி டைல்ஸ் தரையில் கால் விரிந்து நழுவும், மர நாற்காலியோ இரும்பு நாற்காலியோ தேடுங்கள், எப்படியிருந்தாலும் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். ஆரம்பத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் ஒவ்வொருவரையும் பார்த்து யார் எந்தப் படியில் என்று எழுதிக் கொடுக்கட்டும். ஒரு நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் வேண்டாம், இரண்டு உதவியாளர்களாவது இருக்கட்டும். ஒரு நோட்டில் எல்லோருடைய மாத்திரைகள், வீட்டு ஃபோன் நம்பர். வராதவரை அன்றைக்கே விசாரிக்க ஒருவருக்குப் பொறுப்பு.

ஒரு தவறு நிறைய இடத்தில் நடக்கிறது: எல்லோருக்கும் பாதுகாப்பு என்று உட்கார்ந்தே கையை ஆட்டும் பயிற்சியாக மாற்றிவிடுகிறார்கள். பார்க்க நன்றாக இருக்கும், பெரியவர்களும் சந்தோஷமாகப் போவார்கள், விழுவது குறையாது. நிற்க வையுங்கள்.

வகுப்புக்கு ஒழுங்கா வந்துட்டுத்தான் இருக்கேன், அப்படியும் போன வாரம் விழுந்துட்டேன். அப்ப இது வேஸ்ட்டா?

முதல் பதிலில் இருக்கும் எண்ணைத் திரும்பப் பாருங்கள். மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்றால் மீதி இன்னும் இருக்கிறது. பயிற்சி ஒரு காரணத்தைச் சரி செய்யும், புரை விழுந்த கண்ணையோ புதிதாக மாற்றிய மாத்திரையையோ அது சரி செய்யாது. அதனால் விழுந்ததை வெட்கப்பட்டு மறைக்காதீர்கள், பலர் பிள்ளைகளிடம்கூடச் சொல்வதில்லை. எத்தனை மணிக்கு, எங்கே, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், தலை சுற்றியதா, தடுக்கியதா, காலில் என்ன போட்டிருந்தீர்கள், அந்த வாரம் எந்த மாத்திரை மாறியது, இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாங்க. வகுப்புக்குக் கால் மணி நேரம் முன்னால் வந்தால் உட்கார்ந்து பார்க்கலாம்.